வீடு நிறையச் சாமான், மனம் நிறையக் குறை



இதை வாசிக்கத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் குசினியில் அடுப்புக்குக் கீழே இருக்கும் தட்டைத் திறந்து பாருங்கள். ஒரு சொப்பிங் பைக்குள் எத்தனை சொப்பிங் பைகளைத் திணித்து வைத்திருக்கிறீர்கள்? மூடி இல்லாத ஐஸ்கிரீம் பெட்டி எத்தனை, பெட்டி இல்லாத மூடி எத்தனை? பிறகு அறைக்குப் போய் அலுமாரியைத் திறவுங்கள். போன பெருநாளைக்கும் அதற்கு முந்திய பெருநாளைக்கும் எடுத்த உடுப்பில் ஒரேயொரு தடவை உடுத்தியவை எத்தனை? எண்ணிவிட்டு வாருங்கள். அவசரமில்லை.

என்ன மௌலவி, மார்க்கம் சொல்ல வந்தவர் அலுமாரிக்குள் கை வைக்கிறாரே என்று கோபிக்காதீர்கள். இந்தக் கணக்கை என் தலையில் போட்டவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் அயலில் இருக்கும் ஒரு சகோதரர். பழைய சாமான் வாங்கி விற்பது அவருடைய தொழில். ஊருக்குத் திரும்பி வந்த எங்கள் ஆட்களில் பலருக்குப் பழைய இரும்பும் பழைய பிளாஸ்டிக்கும்தான் சோறு போடுகிறது. காலையில் முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வலிகாமம் முழுக்கச் சுற்றி, அஸருக்குத் திரும்பி வருவார். ஒரு நாள் பள்ளிவாசல் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, "மௌலவி, முந்தி எனக்குக் கிடைச்சது உடைஞ்ச சாமான். இப்ப கிடைக்கிறது அலுத்துப்போன சாமான்" என்றார்.

வண்டியைக் காட்டினார். அதில் இருந்த சோறு சமைக்கும் மின்சாரச் சட்டிக்கு வயரில் மட்டும்தான் பழுது. மின்விசிறி ஒன்று, வீட்டுக்காரர் சுவரில் பூசிய புதிய நிறத்துக்குப் பொருந்தவில்லையாம். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஒரு சாக்கு. எல்லாச் சமூகத்தவர் வீட்டிலும் வாங்குகிறார், ஆகவே இது எங்கள் குறை மட்டும் என்று யாரும் வருத்தப்படத் தேவையில்லை. "சாமான் தாற பொம்பிளையள்ட முகத்தைப் பாருங்க மௌலவி, ஒரு சந்தோஷம் இருக்கும். இடம் வந்திட்டுது எண்டு. அடுத்ததுக்கு" என்று அவர் சிரித்தார்.

அடுத்ததுக்கு! நான் எழுத நினைத்த விஷயம் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

வாங்குவதும் ஒரு போதைதான் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். போதை என்றால் கஞ்சா, சாராயம், இப்போது நமது இளைஞர்களைப் பிடித்திருக்கும் ஐஸ் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அடையாளத்தைப் பாருங்கள். வாங்கும்வரை ஒரு தவிப்பு. வாங்கிய அன்று ஒரு குளிர்ச்சி. மூன்றாம் நாள் அந்தப் பொருள் வீட்டுக்குள் இருப்பதே தெரிவதில்லை. நாலாம் நாள் வேறொன்றின் மீது தவிப்பு. போன தடவை கிடைத்த அதே குளிர்ச்சிக்கு இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலான விலை தேவைப்படுகிறது. வேறு எந்தப் பழக்கத்தில் இந்த அடையாளங்களைக் கண்டிருந்தாலும் நாம் என்ன பெயர் வைத்திருப்போம்?

இப்போது கையிலேயே கடை இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு துணி வாங்க வேண்டுமானால் பெரிய கடைப் பக்கம் போக வேண்டும், கூட்டிப்போக ஆள் வேண்டும், வெயில் ஆற வேண்டும். அந்த இடைவெளியில் பாதி ஆசை தானாகவே செத்துவிடும். இன்று இரவு பன்னிரண்டு மணிக்குப் படுக்கையிலிருந்தே தொலைபேசியில் விரலால் அமுக்கினால் மூன்றாம் நாள் வாசலில் பொதி. பொதிக்கு மேல் பொலித்தீன், உள்ளே காற்றடைத்த பொலித்தீன், அதற்குள் ஒரு தலைமுடி கிளிப்! அந்தக் கிளிப்பைவிடக் கூடுதல் காலம் உலகத்தில் இருக்கப்போவது பொதி சுற்றிய பொலித்தீன்தான்.

ஆனால் எங்கள் ஊரைப் பொறுத்தவரை இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு வேர் உண்டு. இதைச் சொல்லாமல் சிக்கனத்தைப் பற்றி மட்டும் உபதேசம் பண்ணினால் எங்கள் பெண்கள் காது கொடுக்க மாட்டார்கள். அது நியாயமும்கூட.

1990 அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் தரப்பட்டது. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். எனக்கு அப்போது பத்து வயது. உம்மாவின் தையல் இயந்திரம் மேசையில் துணியோடு அப்படியே நின்றது. வாப்பா கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் வைத்தார், அந்தத் திறப்பு புத்தளத்தில் வெகுகாலம் ஆணியில் தொங்கியது. கொண்டுபோக முடிந்தது ஆளுக்கொரு பை. பலருக்கு அதுவும் வழியில் மிஞ்சவில்லை. பெண்களின் காதில் கிடந்ததுகூட மிஞ்சவில்லை. பிறகு புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்கள், நிவாரண அரிசி, தண்ணீருக்கு வரிசை. அந்த வரிசையிலிருந்துதான் நான் அரபுக் கல்லூரிக்கு ஓதப் போனேன்.

2002ஆம் ஆண்டுச் சமாதானத்தோடு சிலரும், 2009க்குப் பிறகு வேறு சிலரும் ஊர் திரும்பினார்கள். வந்து பார்த்தால் கூரை இல்லை, யன்னல் இல்லை, நடு அறைக்குள் மரம் முளைத்திருந்தது. இப்படி வெறுமையிலிருந்து ஒரு வீட்டை எழுப்பிய பெண்ணிடம் போய், "சாமான் குறைவாக வையுங்கள், பழையதைப் பாவியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நான் ஒரு தடவை பெண்களுக்கான வகுப்பில் வீண்விரயம் பற்றிப் பேசியபோது பின்வரிசையில் இருந்த ஒரு மூத்த ராத்தா எழுந்து, "மௌலவி, திரும்பவும் அகதி மாதிரி இருக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். வகுப்பே அமைதியானது.

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று ஆயத்தமான பதில் இருக்கவில்லை. கிதாபுகளில் இஸ்ராப் பற்றிய பாடம் இருக்கிறது, அகதிப் பெண்ணின் அலுமாரி பற்றிய பாடம் இல்லை. அவருக்கு நிறைந்த அலுமாரி பெருமைக்காக அல்ல. தான் ஊர் திரும்பிவிட்டதற்கு அதுதான் அத்தாட்சி. வெறுமையான சுவர் அவருக்குக் கொட்டிலை நினைவூட்டுகிறது. மண்சட்டியும் ஓலைப்பாயும் அழகு என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்லலாம். பன்னிரண்டு வருடம் ஓலைக்குக் கீழே நனைந்தவருக்கு அது அழகல்ல.

இதில் எங்கள் தமிழ்ச் சகோதரிகளின் கதையும் வேறல்ல. என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியை ஒருமுறை சொன்னார், "உங்களுக்கும் அக்டோபர் 30, எங்களுக்கும் அக்டோபர் 30." உண்மைதான். 1995ஆம் ஆண்டு அதே திகதியில்தான் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழைக்குள் செம்மணிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்களும் பையோடுதான் போனார்கள்.

அதற்கு முந்திய ஐந்து வருடம் யாழ்ப்பாணம் எப்படி வாழ்ந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் மின்சாரம் போனது, பொருளாதாரத் தடை வந்தது. தொடக்க மாதங்களை நானும் கண்டேன், மீதியை அந்த ஆசிரியை போன்றவர்களிடம் கேட்டறிந்தேன். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் இட்டு, மெல்லிய திரியில் எரியும் விளக்கில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். பற்றரி இல்லாதபடியால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோலில் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு என்று பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். இன்று ஐரோப்பாவில் சுற்றாடல் பற்றிப் பேசும் பெரியவர்கள் கனவு காணும் வாழ்க்கையை யாழ்ப்பாணம் அன்றே வாழ்ந்து காட்டிவிட்டது என்று சிலர் பெருமையாக எழுதுகிறார்கள்.

எனக்கு அந்தப் பெருமையில் உடன்பாடில்லை. அது தெரிவு அல்ல, தண்டனை. மருந்தில்லாமல் செத்தவர்களும் அதே காலத்தில்தான் செத்தார்கள். இப்படி நெருக்கிக் கற்பித்த பாடம் நிலைக்கவும் இல்லை. 2002 ஏப்ரலில் கண்டி வீதி திறந்ததும் தெற்கிலிருந்து லொறி லொறியாகச் சாமான் வந்தது. 2009க்குப் பிறகு வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் தெருவுக்குத் தெரு திறந்தன. ஜாம் போத்தல் விளக்கைக் கண்டுபிடித்த அதே கைகள் தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டன. பட்டினி கிடந்தவன் பந்தியில் அளவோடு சாப்பிடுவான் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னுமொரு பாடம் 2022இல் நாடு முழுவதற்கும் நடந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். 2021 செப்டம்பரில் 1,493 ரூபா விற்ற 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா, அதுவும் கிடைத்தால்! 400 கிராம் பால்மா 380 ரூபாவிலிருந்து 790 ஆனது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் 13 மணி நேர மின்வெட்டு. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் பெற்றோல் என்று பங்கீடு. அப்போது யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது தெரியுமா? மூத்தவர்கள் பதறவில்லை. பொச்சுமட்டையும் பனைமட்டையும் பொறுக்கி அடுப்பு மூட்டினார்கள். பரண் மேல் கிடந்த சைக்கிள்கள் இறங்கின. அடுத்தடுத்த வீட்டார் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். "இது எங்களுக்குப் பழகினதுதானே" என்றார்கள். பங்கீடு 2023 செப்டம்பரில் நீங்கியது. சைக்கிள்கள் அதே மாதத்தில் பரணுக்கு ஏறிவிட்டன!

ஆக, இல்லாமை நம்மைத் திருத்துவதில்லை. இருக்கும்போது போதும் என்று சொல்வது வேறொரு பயிற்சி. அந்த ராத்தாவுக்கு நான் பிறகு கண்டெடுத்த பதில் இதுதான்: அகதி வாழ்க்கையில் மற்றவன் உங்கள் கையிலிருந்து பறித்தான். இதில் நீங்களே கையை மடக்குகிறீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே இரண்டும் ஒன்றல்ல. அவர் முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "பார்ப்பம்" என்றார்.

நோன்பு இந்தப் பயிற்சியைத்தான் வருடம் ஒரு மாதம் தருகிறது. காலையில் தேத்தண்ணி குடிக்காவிட்டால் தலை வெடிக்கும் என்பவர், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டும் இல்லாமல் இருக்கிறார். தலை வெடிக்கவில்லை. அந்தப் பழக்கத்துக்கு நம்மீது இருப்பதாக நினைத்த அதிகாரம் பொய் என்று அல்லாஹ் வருடா வருடம் நமக்குக் காட்டித் தருகிறான். ஆனால் அதே மாதத்தில்தான் நமது குசினிச் செலவு கூடுகிறது, அதே மாதத்தின் பிந்திய இரவுகளில்தான் துணிக்கடையில் நிற்க இடமில்லை. பகலில் கட்டிய வேலியை இரவில் நாமே பிடுங்குகிறோம்.

ஒரு செய்தி. ஜாபிர் (ரலி) அவர்கள் ஆசைப்பட்டு இறைச்சி வாங்கிக்கொண்டு போனதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், மனம் விரும்பியதையெல்லாம் உடனே வாங்கிவிடுவதா என்று கேட்டதாக அறிவிப்பு இருக்கிறது. இறைச்சி ஹலாலானதுதான், காசும் ஹலாலானதுதான். உமர் (ரலி) அவர்கள் கேட்டது ஆசைக்கும் கைக்கும் இடையில் இருக்க வேண்டிய அந்தச் சின்ன இடைவெளியைப் பற்றித்தான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த இடைவெளியை உண்டாக்கியவர் என் மனைவி. இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, பெருமை முழுவதும் அவருக்கே. குசினிக் கதவுக்குப் பின்னால் பழைய கலண்டர் தாள் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். யாருக்கு எது வேண்டுமானாலும் அதில் எழுதலாம், தடையில்லை. எழுதிய திகதியும் போட வேண்டும். சாப்பாடும் மருந்தும் பள்ளிக்கூடச் சாமானும் தவிர மற்ற எதுவானாலும் முப்பது நாள் கழித்துத்தான் பேச்சு. முப்பதாம் நாள் போய்ப் பார்த்தால், எழுதிய ஆளே, "இதை ஏன் எழுதினேன்?" என்று வெட்டிவிடுவது நடக்கிறது. மூத்த மகள் எழுதிய ஏழில் ஐந்தைத் தானே வெட்டினாள். மற்ற இரண்டையும் வாங்கிக் கொடுத்தோம், அவை இன்னும் பாவனையில் இருக்கின்றன. இளையவன் கெட்டிக்காரன், முப்பது நாளுக்கு முந்திய திகதி போட்டு எழுதி மாட்டுப்பட்டான்!

தேத்தண்ணியிலும் இப்படித்தான். 2022இல் பால்மா இல்லாமல் பிளேன் ரீக்கு மாறிய வீடுகளில் பல, பால்மா வந்ததும் பழையபடி மாறின. என் மனைவி மாறவில்லை. சீனிக்குப் பதில் பனங்கட்டித் துண்டு ஒன்று கடித்துக்கொண்டு பிளேன் ரீ குடிப்பது எங்கள் ஊரின் பழைய முறைதானே. இறக்குமதிப் பால்மாவுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு இப்போது பனங்கட்டி காய்ச்சும் ஒரு வீட்டுக்குப் போகிறது. விருந்தாளிகளுக்கு மட்டும் பால் தேநீர். அதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை, நானும் தலையிடுவதில்லை.

சகோதரிகளே, இங்கே ஒரு கடுமையான விஷயத்தையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். இந்த ஆசைகள் கைக்காசோடு நின்றால் பரவாயில்லை. வாரத் தவணைக் கடனாக வீட்டுக்குள் நுழையும்போது குடும்பமே குலைகிறது. குழுக் கடன் என்று ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள். தொழிலுக்கு என்று எடுத்த பணம் கதிரைக்கும் தொலைக்காட்சிக்கும் போகும். ஒருவர் தவணை தவறினால் மற்ற நால்வரும் அவர் வாசலில் நிற்பார்கள். காலமெல்லாம் ஒன்றாகக் கிணற்றடியில் பேசிய பெண்கள் முகம் பாராமல் போவதை நான் கண்டிருக்கிறேன். கணவருக்குத் தெரியாமல் எடுத்த கடனை அடைக்க மகளுக்கு வைத்த காப்பை விற்றவரையும் அறிவேன். நாடு முழுக்க இந்த நுண்கடன் தொல்லை எவ்வளவு பெருகியது என்றால், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தானே பொறுப்பெடுக்க அரசாங்கம் முன்வர வேண்டியிருந்தது. வட்டியின் ஹராம் பற்றி நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஹராம் என்று தெரிந்த வீட்டுக்குள்ளும் அது எந்த வழியால் வந்தது? ஒரு குளிர்சாதனப் பெட்டியின் இரண்டாம் கதவு வழியால் வந்தது!

இனி தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கியாறுகூட மழைக்கு மட்டும்தான். மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடலின் உவர் நீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவோடு அள்ளினால் அது நிற்கும். இறைத்துத் தள்ளினால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும், ஏறிய உவர் இலேசில் இறங்காது. துலாவில் அள்ளிய காலத்தில் கை நோகும், கை நோவதே அளவு. மோட்டர் வந்த பிறகு யாருக்கும் நோவில்லை. கடல் நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையம் ஒன்று 2024இல் தாளையடியில் திறக்கப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் ஆற்றல். நல்ல விஷயம்தான். ஆனால் கடலைக் காய்ச்சிக் குடிக்கும் நிலைக்கு வந்துவிட்ட ஊர், குழாயைத் திறந்துவிட்டு வுளூச் செய்யலாமா?

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு தண்ணீரில் வுளூச் செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு, முக்கால் லீட்டருக்குள் அடங்கும். பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொன்னால் தலையாட்டுவார்கள். ஆகவே ஒரு நாள் குழாய்க்குக் கீழே வாளி வைத்து ஒரு மாணவனை வுளூச் செய்யச் சொன்னேன். அவன் காலுக்கு வருமுன் வாளி வழிந்துவிட்டது. அடுத்தவன் கேத்தலில் தண்ணீர் எடுத்துச் செய்தான், மிச்சமும் இருந்தது. அன்று மாலை அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் உம்மாமாரைத் திருத்தப் புறப்பட்டுவிட்டார்கள். மறுநாள் எனக்கு முறைப்பாடு வந்தது வேறு கதை.

பொலித்தீன் பற்றிச் சட்டம் போதுமான அளவு இருக்கிறது. 2017 செப்டம்பரில் லன்ச் சீற்றையும் மெல்லிய பொலித்தீனையும் தடுத்தார்கள். 2021இல் சின்னச் சஷே பக்கற்றுகளை, 2023 அக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு ஆகியவற்றை. 2025 நவம்பர் முதல் கடையில் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலை போட வேண்டும். இவ்வளவும் இருந்தும் கல்லுண்டாய் வெளியில் நகரத்துக் குப்பை மலையாக நிற்கிறது, அடிக்கடி தீப்பிடித்துப் புகைகிறது, அந்தப் புகை நவாலிப் பக்கத்து வீடுகளுக்குள் போகிறது. அங்கே மாடுகள் பையோடு சேர்த்துத் தின்கின்றன. அந்த மாட்டின் பாலும் இறைச்சியும் பிறகு யார் வீட்டுக்கு வருகின்றன?

பனை நிற்கும் ஊரில் பைக்குப் பஞ்சம் என்றால் வெட்கம். மீனுக்கு உமல், அரிசிக்குக் கடகம், பிட்டுக்கு நீத்துப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஓலையில் ஒரு பாத்திரம் இருந்தது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இன்றும் கற்பகம் விற்பனை நிலையங்களில் இவற்றை விற்கிறது. ஆனால் வாங்குவோரில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்து காட்சிக்கு வைக்க வாங்குகிறவர்கள். நாங்கள் கடந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் இறைச்சியைப் பங்கு வைக்கும்போது ஒரு காரியம் செய்தோம். தெருவிலிருந்த பதினொரு வீட்டுக்கும் முதல் நாளே சொல்லி அவரவர் சட்டியையே வாங்கி வைத்தோம். பெயர் எழுதிய சட்டியில் இறைச்சி போனது. ஓரிரு வீட்டார் முகம் சுளித்தார்கள். சட்டி மாறிப் போய் ஒரு சின்னச் சண்டையும் வந்தது. ஆனாலும் அன்று மாலை எங்கள் ஒழுங்கையில் இரத்தம் தோய்ந்த பை ஒன்றைக்கூட நாய் இழுத்து வரவில்லை.

கடைசியாக, அந்த மூத்த ராத்தாவின் வீட்டுச் செய்தி. வரும் மாதம் அவருடைய பேத்திக்கு நிக்காஹ். மண்டபத்தில் 'பஃபே' வைத்து, பிளாஸ்டிக் பூவால் மேடை கட்டி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் என்றுதான் முதலில் பேச்சு. செலவுக்குக் கடன் எடுப்பதா என்று கேட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். மணப்பெண்ணே வாய் திறந்து, "ஏன் வாப்பா, சஹன் வச்சா என்ன?" என்று கேட்டாள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹனுக்குப் பிளாஸ்டிக் தட்டும் தேவையில்லை, கரண்டியும் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதால் சோறும் வீணாகாது. மண்டபத்துக்குப் பதில் வீட்டு முற்றத்தில் பந்தல். கடன் பேச்சு அடங்கியது.

ராத்தா இரண்டு நாள் பேசவில்லை. புத்தளத்தில் மூத்த மகளைக் கட்டிக் கொடுத்ததும் முற்றத்தில்தானாம், அன்று வேறு வழியில்லாமலாம். "இண்டைக்கு மண்டபத்துக்குக் காசிருந்தும் முத்தத்தில வைக்கிறம், அப்பிடித்தானே மௌலவி?" என்று மூன்றாம் நாள் கேட்டார். ஆம் என்றேன். "அப்ப சரி. ஆனா சாப்பாட்டில குறை வைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீருக்கு மண்பானையும் எவர்சில்வர் குவளையும் என்பது பெண் வீட்டு இளசுகளின் கட்சி. போத்தல் இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது ராத்தாவின் கட்சி. பேச்சு இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் நாலு பெட்டி போத்தல் ஏற்கெனவே வாங்கப்பட்டு ராத்தாவின் கட்டிலுக்குக் கீழே இருப்பதாகப் பேத்தி வந்து சொல்லிவிட்டுப் போகிறாள்.